செருகுவதா, கவிழ்ப்பதா?

“மாமா, இன்னுமா இந்தக் கடாயைத் தலையில கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றான் அக்கா பையன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. கடாய் என்று அவன் சொன்னது என்னுடைய ஹெட்ஃபோனை. காதை முழுசாக மூடும் பெரிய சைஸ். கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்காமல் வலை வைத்திருக்கும் ரகம். அவன் காதுகளில் கொண்டைக்கடலை அளவில் இரண்டு இயர்ஃபோன்கள். “இதுல வர்ற பேஸ் அதுல வருமா, சொல்லுங்க பார்ப்போம்” என்று சவால் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூரா உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். அதன் விளைவு இந்த வாரம் உங்கள் தலையில். தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குப் பெரிசு, வீதிக்குச் சிறிசு. ஆனால் அதற்கான காரணத்தில் உங்கள் காது சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால் மீதியையும் படிப்பது நல்லது.

முதலில் கொஞ்சம் சரித்திரம். ஹெட்ஃபோன் சங்கீதத்துக்காகப் பிறந்ததில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் கையால் செய்த ஒரு ஜோடியை 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்துபோய் ஆர்டர் கொடுத்தார்கள். கம்பியில்லாத் தந்தி கேட்பதற்கு. பாட்டுக் கேட்பது என்று வந்தது 1958-ல். மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், தான் தயாரித்த சின்ன ரெக்கார்ட் பிளேயருக்குத் துணையாக ஒரு ஸ்டீரியோ ஹெட்ஃபோனையும் காட்சிக்கு வைத்தார். ஜனங்கள் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டார்கள். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி எச்.டி. 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிப்பக்கம் திறந்த ஹெட்ஃபோன்களுக்கு அதுதான் மூதாதை. 1979-ல் சோனியின் வாக்மேன் வந்து சங்கீதத்தை வீட்டிலிருந்து தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

காதுக்குள் செருகும் ரகத்தின் பூர்வீகம் வேறு. அது காது மந்தமானவர்களுக்கான ஹியரிங் எய்டின் வாரிசு. அந்தக் கருவிகளுக்காகச் செய்த அரிசிமணி சமாச்சாரங்களின் தொழில்நுட்பத்தை வைத்து எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க கம்பெனி 1991-ல் இ.ஆர்.-4 என்ற இயர்ஃபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1995-ல் ஜெரி ஹார்வி என்ற மேடை ஒலிப் பொறியாளர், ராக் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக அவர் காதின் அளவுக்கே அச்செடுத்து ஒரு ஜோடி செய்தார். மேடையின் இரைச்சலை வெளியே நிறுத்திவிட்டு, தன் குழு வாசிப்பது தனக்குக் கேட்க வேண்டும் என்பது டிரம்மரின் பிரச்னை. இன்றைக்கு மேடையில் பாடுகிறவர்கள் காதில் மாட்டியிருக்கிறார்களே, அந்த வம்சம்.

ஆக, பெரிசு அமைதியான அறைக்குப் பழகியது. சிறிசு சத்தத்தோடு சண்டை போடப் பிறந்தது. இந்தப் பிறவிக்குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

*

எது நல்ல ஒலி என்று சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கருவியை மறந்துவிடுகிறார்கள். காது.

வெளியே தெரிகிற காது மடலில் எதற்காக இத்தனை மேடு பள்ளம்? கம்மல் மாட்ட மட்டும் இல்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப இந்த மடிப்புகள் அதன் மேல்ஸ்தாயிப் பகுதியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து உள்ளே அனுப்புகின்றன. குழந்தையிலிருந்து நம் மூளை இந்தக் கூட்டல் கழித்தலைப் பாடம் பண்ணி வைத்திருக்கிறது. பின்னால் சைக்கிள் மணி அடித்தால் திரும்பாமலே ஒதுங்குகிறோமே, அந்த வித்தையில் மடலுக்கும் பங்கு உண்டு. உங்கள் மடல் உங்கள் கைரேகை மாதிரி. அடுத்தவர் காதை இரவல் வாங்க முடியாது.

உள்ளே போனால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். ஒரு பக்கம் திறந்து, மறுபக்கம் செவிப்பறையால் மூடியது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்கிறது இல்லையா, அதே பௌதிகம்தான். இந்தக் குழாய் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்ந்து, அங்கே வரும் ஒலியைக் கணிசமாகப் பெருக்குகிறது. வாழ்நாள் பூராவும் இந்தப் பெருக்கத்தோடுதான் கேட்டிருக்கிறோம். அதுதான் நமக்கு ‘இயல்பு’.

பெரிய ஹெட்ஃபோன், மடலுக்கு வெளியே நின்று ஒலியை அனுப்புகிறது. பக்கவாட்டிலிருந்து வந்தாலும் உங்கள் மடல், உங்கள் குழாய் இரண்டும் வேலை செய்கின்றன. செருகும் இயர்ஃபோன் மடலைத் தாண்டிப் போய் குழாயின் வாயில் கார்க் மாதிரி அடைத்துவிடுகிறது. அடைத்தவுடன் அந்த 3,000 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு காலி. போனதை வடிவமைப்பாளர் தன் கைக்கணக்கில் திரும்பப் போட்டுத் தர வேண்டும். யார் காதை வைத்துப் போடுவார்? சராசரிக் காதை. 1972-லிருந்து கெமார் என்று ஒரு பொம்மை இருக்கிறது. தலை, மார்பு, ரப்பர் காது எல்லாம் சராசரி மனித அளவில். அதுவும் அதன் வாரிசுகளும்தான் இந்தத் தொழிலின் அளவுகோல். பெரிய ஹெட்ஃபோனையும் அதில்தான் மாட்டி அளக்கிறார்கள். ஆனால் மடலையும் குழாயையும் கணக்கிலேயே ஈடுகட்ட வேண்டிய கட்டாயம் சிறிசுக்கு அதிகம்.

சுருக்கமாக, பெரிசு உங்கள் காதைப் பயன்படுத்துகிறது. சிறிசு உங்கள் காதை ஊகிக்கிறது. ரெடிமேட் சட்டை சிலருக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும், சிலருக்குத் தோளில் தொங்கும். நண்பர் ‘அற்புதம்’ என்று சத்தியம் பண்ணிய இயர்ஃபோன் உங்களுக்குக் கீச்சென்று கேட்டால் இருவருமே பொய் சொல்லவில்லை.

*

இப்போது மருமான் விட்ட சவாலுக்கு வருவோம். பேஸ்.

பெரிய ஹெட்ஃபோனின் ஒலித்தகடு சுமார் 40 மில்லிமீட்டர். இயர்ஃபோனில் பத்து மில்லிமீட்டரோ அதற்கும் கீழேயோ. பெரிய தவில்தானே பெரிதாக அதிரும் என்று நினைப்போம். இங்கே கணக்கு தலைகீழ். சிறிசு நன்றாகப் பொருந்திவிட்டால், அதற்கும் செவிப்பறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று ஒரு டீஸ்பூன்கூட இல்லை. அத்தனை சின்ன மூடிய இடத்தில் தகடு மயிரிழை அசைந்தாலே அழுத்தம் ஏறி இறங்கும். காது உணரக்கூடிய அடிமட்டம் வரை பேஸ் இறங்கும். என் கடாயோ வெளிப்பக்கம் திறந்தது. அடிமட்ட பேஸ் அந்த வலை வழியாகக் கரைந்துபோகிறது. மருமான் ஜெயித்தான். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் இந்த வெற்றி ஒரு ரப்பர் வளையத்தை நம்பியிருக்கிறது. டப்பாவில் சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று ஜோடி சிலிக்கான் முனைகள் வருமே, பலர் வாங்கிய நாளில் மாட்டியிருந்ததையே கடைசிவரை மாட்டியிருக்கிறார்கள். இம்மி இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். ஒரு சோதனை: பாட்டு ஓடும்போது இயர்ஃபோனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் உங்கள் முனை சரியான அளவு இல்லை. இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு சைஸ்கூடத் தேவைப்படலாம். தப்பே இல்லை.

முழுக்க மூடிய பெரிய ஹெட்ஃபோன்களுக்கும் இதே வியாதி உண்டு. மூக்குக் கண்ணாடியின் காம்பு, தலைமுடி, பெரிய தோடு எல்லாமே மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவில் சந்து உண்டாக்கும். கண்ணாடி போட்டவர்கள் கடையில் கண்ணாடியோடுதான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிறிசுக்கு மட்டும் உள்ள இன்னொரு கோளாறு, அடைத்த காதுக்கு உங்கள் உடம்பே ஊர்வலம் போகிற மாதிரி கேட்பது. நடந்தால் காலடி ‘தொம் தொம்’. முறுக்கு கடித்தால் கட்டடம் இடிகிறது. ஒயர் சட்டையில் உரசினால் அதுவும் பாட்டில் சேரும். ஒயரில்லாத ரகம் வந்த பிறகு இந்தக் கடைசித் தொல்லை மட்டும் விட்டது.

*

சரி, கேட்டது என்ன?

முதலில் ஒரு எச்சரிக்கை. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக்காவிட்டால் ஒப்பீடே பொய். ஓரிரண்டு டெசிபல் கூடுதலாக ஓடுவது ‘சத்தமாக’ என்று தோன்றாது. ‘தெளிவாக இருக்கிறது’ என்று தோன்றும். கடைக்காரருக்கு இது தெரிந்திருந்தால் உங்கள் பர்ஸ் காலி. நாங்கள் முடிந்தவரை சமப்படுத்தினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்க வழியில்லை. ஒன்று காதைக் குடைகிறது, மற்றது தலையைப் பிடிக்கிறது, எது எது என்று தெரிந்துவிடுகிறது.

முதல் பாட்டு, 1991-ல் வந்த தளபதியின் ‘ராக்கம்மா கையத் தட்டு’. 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் பத்துப் பிரியமான பாடல்களில் நான்காவதாக வந்தது. ஆட்டமும் வயலின் கூட்டமும் அமர்க்களமாகப் போய்க்கொண்டிருக்கையில், நடுவில் எல்லாம் அடங்கி தேவாரம் கோரஸாக எழும். சிறிசில் ஆட்டம் பிரமாதம். அடி நெஞ்சில் விழுந்தது. தேவாரம் வந்தபோதுதான் வித்தியாசம். சிறிசில் கோரஸ் என் தலைக்குள்ளே, இரண்டு காதுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு பாடியது. பெரிசில் அவர்கள் தலையை விட்டு வெளியே வந்து, கொஞ்சம் தள்ளி வரிசையாக நின்றார்கள். காரணம், முன்னே சொன்ன மடல். திரைப்பாட்டை ஸ்டூடியோவில் பெரும்பாலும் எதிரே நிற்கும் இரண்டு ஒலிபெருக்கிகளை மனதில் வைத்துத்தான் கலக்கிறார்கள். அந்த மேடையை எந்த ஹெட்ஃபோனும் முழுசாகத் தராது. திறந்த பெரிசு பாதி வழியாவது வருகிறது.

அடுத்து, எண்பதுகளின் இளையராஜா பாட்டு நாலைந்து. அவற்றில் பேஸ் கிடார் சும்மா தாளம் போடாது. அது பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு பாடிக்கொண்டே போகும். இங்கே சிறிசு என்னைத் தோற்கடித்தது. முப்பது வருஷமாகக் கேட்ட பாட்டில் பேஸ் கிடாரின் விரல் எந்த ஸ்வரத்திலிருந்து எதற்கு வழுக்குகிறது என்பது அப்பட்டமாகக் கேட்டது. பெரிசில் அது இருந்தது, ஆனால் தேடிப் போக வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஒரு கர்நாடகக் கச்சேரி ஒலிப்பதிவு. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் கும்கி, சிறிசில் அதிகப்படியாகக் குமுறியது. பெரிசில் அளவோடு இருந்தது. வாய்ப்பாட்டு இரண்டிலும் நன்றாகவே இருந்தாலும் பெரிசில் பாடகர் மூச்சு வாங்குவதுகூட ஓர் அறைக்குள் நடந்தது.

அப்போது மருமான், “தம்புராவுக்கு மேல ஈ பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம் வருது பாருங்க, அது கடாய்ல இன்னும் நல்லா பிரிஞ்சு கேக்குது மாமா” என்றான்.

எனக்கு அது இரண்டிலுமே கேட்கவில்லை.

*

விமர்சனம் எழுதுகிறவன் தன் தராசைக் காட்ட வேண்டும். காட்டிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு, கல்யாண வீடுகளில் எதிரே பேசுகிறவர் வாயசைப்பது மட்டும் தெரிகிறதே என்று காது டாக்டரிடம் போனேன். ஆடியோகிராம் என்று ஒரு வரைபடம் எடுத்தார்கள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். “ஃபேக்டரியில வேலை பார்த்தீங்களா?” என்றார் டாக்டர். இல்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் பதினைந்து வருஷம் வாக்மேன் கேட்டேன். காதில் ஒட்டாமல் தொங்கும் பஞ்சு இயர்ஃபோன். பஸ் எஞ்சினை ஜெயிப்பதற்காக வால்யூம் முழுசாக.

உட்காதில் ஒலியை வாங்கும் மயிர்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான் இருக்கின்றன. மனிதனுக்கு அவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூட்டினால் பத்தில் ஒரு பங்காகிறது உங்கள் சங்கீத ரேஷன்.

இப்போது பிறவிக்குணத்துக்கு வாருங்கள். திறந்த பெரிசைப் பஸ்ஸில் மாட்டினால் பஸ்ஸும் சேர்ந்து பாடும். அதை அமுக்க வால்யூமை ஏற்றுவீர்கள். நன்றாகப் பொருந்திய சிறிசு, காதுக்குத் தக்கை போட்டது மாதிரி. வெளியே உள்ள சத்தத்தை இருபது டெசிபலுக்கு மேலேயே குறைக்கக்கூடியது. அமைதி கிடைத்தால் பாட்டை மெதுவாக வைத்தாலே போதும். கூடவே எலெக்ட்ரானிக் இரைச்சல் நீக்கியும் இருந்தால் எஞ்சின் உறுமல் மாதிரித் தாழ்ந்த சத்தங்கள் நன்றாக அடங்கும். இந்த வித்தைக்குப் பேர்போனவர், அப்பா வழியில் வங்காளியான அமர் போஸ். 1978-ல் ஜூரிச்சிலிருந்து வந்த விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் உருப்படியாகக் கேட்காததால், பயணம் முடிவதற்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் விமானிகளுக்கும், 2000-ல் நம்மைப் போன்றவர்களுக்கும் அது கடைக்கு வந்தது. இன்று கடலைக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

ஆனால் அதே சிறிசைத் தப்பான முனையோடு தளர்வாக மாட்டினால், நான் பதினைந்து வருஷம் செய்த அதே காரியத்தைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். சத்தம் உள்ளே வரும், பேஸ் வெளியே போகும், கை வால்யூமுக்குப் போகும்.

தெருவைக் கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். லாரிக்கு மடல் கிடையாது.

*

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் யெரூன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து, விலைக்கும் அலைவரிசைச் சீர்மைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. விலை ஏறினால் தோலும் உலோகமும் டப்பாவும் மேம்படும். ஒலி மேம்படும் என்று உத்தரவாதமில்லை. அதனால் ‘எத்தனை ஆயிரம்?’ என்பதைக் கடைசிக் கேள்வியாக வையுங்கள்.

முதல் கேள்வி, எங்கே கேட்கப் போகிறீர்கள்? ராத்திரி வீட்டில், விசிறிச் சத்தம் மட்டும் உள்ள அறையில் என்றால் திறந்த பெரிசுக்கு இணையில்லை. காதும் வியர்க்காது, பாட்டும் தலையை விட்டு வெளியே வரும். கூடத்தில் டிவி ஓடுகிறது என்றால் மூடிய பெரிசு. ரயில், பஸ், நடை என்றால் சரியாகப் பொருந்தும் சிறிசு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? என் வயதுக்காரர்களைக் கேட்டால் பெரிசு என்போம். நான் சிறிசு என்கிறேன். ஏனென்றால் நம்மில் பெரும்பாலானவர்கள் பாட்டுக் கேட்பது இரைச்சலில். அங்கே வால்யூமைக் குறைக்க வைக்கிற கருவிதான் நல்ல கருவி. மேடை கொஞ்சம் சுருங்கினால் சுருங்கட்டும். நாற்பது வருஷம் கழித்தும் தம்புராவின் ரீங்காரம் கேட்க வேண்டும்.

மருமான் கிளம்பும்போது அவன் போனை வாங்கி வால்யூமைப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. இயர்ஃபோன் முனையைப் பார்த்தேன். வாங்கிய நாளில் மாட்டியிருந்ததுதான். டப்பாவில் தேடி அடுத்த சைஸை மாட்டிக் கொடுத்தேன். காதில் செருகிக்கொண்டு இரண்டு நிமிஷம் கேட்டான். அவனாகவே வால்யூமைப் பாதிக்குக் குறைத்தான்.

“என்ன மாமா, புதுசு மாதிரி இருக்கு!” என்றான்.

கேட்டது. எதிரே நின்று சொன்னதால்.